அந்த இரண்டு மணி நேரம் யாருடையது?

(எங்கள் ஊர் இரவுப் பாடசாலையின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு செய்திகளைச் சேர்த்திருக்கிறேன்.)



துண்டறிக்கையில் என் பேச்சுக்கு ‘வெறி இருந்தால் வெற்றி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தம்பிகள் ஆசையாகப் போட்டது. அச்சடித்த பிறகுதான் என்னிடம் காட்டினார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு தகராறு உண்டு. இத்தனை ஆண்டுகளாக நம் மேடைகளில் ‘வெறி’ என்று சொன்னால் அதற்கு முன்னால் சாதி என்றோ மதம் என்றோ ஒரு சொல் கட்டாயம் இருக்கும். குடிசையைக் கொளுத்துகிறவனுக்கு இருப்பது வெறி. பெற்ற மகளையே கொல்லத் துணிகிறவனுக்கு இருப்பது வெறி. அதே சொல்லைப் படிக்கிற பிள்ளையின் மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. சங்க இலக்கியத்தில் வெறியாட்டு என்று வருகிறதே, அது முருகு ஏறிய வேலன் ஆடுவது. தன் வசத்தில் இல்லாமல் இன்னொன்றின் வசம் போய்விடுவது. அந்தப் பொருளில் பார்த்தால், பெரிய காரியம் செய்தவர்கள் பலரையும் ஏதோ ஒன்று பிடித்து ஆட்டியிருக்கிறது. தந்தை பெரியார் 94 வயதில், சிறுநீர் போகக் குழாய் செருகிய உடம்போடு, 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார். வலி தாங்காமல் நடுவில் முனகினார். நிறுத்தவில்லை. ஐந்தே நாளில் மறைந்தார். அதை வேறு என்ன சொல்லிச் சொல்வது?

ஆகவே வெறி வேண்டுமா வேண்டாமா என்று நான் பட்டிமன்றம் நடத்த வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு இந்தப் பாடசாலையில் ஒரு பையன் படித்தான். பெயர் வேண்டாம். அப்பா டேனரியில் வேலை, அம்மா ஷூ கம்பெனியில். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. ஆனால் எட்டரை மணி ஆனால் தலை தொங்கிவிடும். அன்றைக்கு நான் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் பேசிவிட்டு வந்த சூடு. எல்லோர் முன்னாலும் அவனை எழுப்பி நிறுத்தினேன். “பாபாசாகேப் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் படிச்சார். உனக்கு எட்டு மணிக்கே தூக்கம் வருதா? உனக்கெல்லாம் வெறியே இல்லடா” என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சொன்னான்: “அண்ணா, எங்க வூட்ல ஒரே ரூம்பு. லைட்டு போட்டா அப்பா தூங்க முடியாது. காலைல நாலு மணிக்கு அவருக்கு ஷிப்டு.” அவ்வளவுதான் சொன்னான். முகூர்த்த நாட்களில் அவன் கேட்டரிங் வேலைக்குப் போய் விடிய விடியப் பந்தி பரிமாறுகிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை அவன் சொல்லவில்லை. மறு வாரத்திலிருந்து அவன் வரவும் இல்லை.

அந்தப் பதினெட்டு மணி நேரக் கதையை இப்போது கைப்பேசியில் யார் யாரோ சொல்கிறார்கள். பின்னணி இசை போட்டு, அண்ணலின் படத்தை வைத்து, ‘தூங்காதே, உழை, நீயும் ஆகலாம்’ என்கிறார்கள். அந்தக் காணொலிகளில் சாதி என்ற சொல்லே வராது. இயக்கத்தில் இருந்துகொண்டு நானும் ஒருநாள் அதையே செய்திருக்கிறேன் என்பதுதான் உறுத்தல். அதனால் அந்தக் கதையை இன்று முழுதாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பம்பாய் பரேல். ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு. அதில் ஒரே அறை. தட்டுமுட்டுச் சாமான், விறகு, அடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே. அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் காலை நீட்டிப் படுக்க இடம் போதாது. சுபேதார் இராம்ஜி ஒரு வழி கண்டார். மகனை முன்னிரவில் தூங்கச் சொல்லிவிட்டு இவர் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் இவர் படுப்பார். மகன் எண்ணெய் விளக்கில் விடியும்வரை படிப்பான். நம் பையன் சொன்னதும் இதே ஒற்றை அறைதான், தோழர்களே. வேறுபாடு ஒன்றே ஒன்று. இராம்ஜி இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தறிவுள்ளவர், ஓய்வூதியம் வாங்கியவர், இரவு இரண்டு மணிவரை விழித்திருக்க முடிந்தவர். நம் பையனின் அப்பா விழித்திருந்தால் மறுநாள் தோல் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

அடுத்தது புத்தகம். கேட்ட புத்தகத்தை வாங்கித் தரக் கையில் காசு இல்லையென்றால் இராம்ஜி கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டுக்குப் போவார். அவர்களிடம் கடன் கேட்பார். அவர்களிடம் பணம் இல்லையென்றால் நகையை வாங்கிக்கொண்டுபோய் அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். அந்த அக்காமார்களின் பெயர் மஞ்சுளா, துளசி. எத்தனை கூட்டத்தில் நாம் இந்தப் பெயர்களைச் சொல்லியிருப்போம்? இன்று நான் சொல்வதே எனக்கு முதல் தடவை.

பள்ளி விட்டதும் பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைக் கண்டு பேச்சுக் கொடுத்தவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். 1907இல் பையன் மெட்ரிக் தேறியதும், தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தவரும், பிறகு பரோடா மன்னரிடம் அழைத்துப் போனவரும் அவர்தான். 1913இல் அந்த மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டு. பதிலுக்குப் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

இந்த இடத்தில் இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ அதே காலம், நம் கும்பகோணம். இராமானுசன். அம்பேத்கரைவிட மூன்று வயதுக்குச் சற்று மேல் மூத்தவர். அவருக்குக் கணக்குப் பித்து. கணக்கைத் தவிர எதையும் படிக்க மாட்டார். கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்றார். உதவித்தொகை போயிற்று. இங்கே பட்டம் வாங்கவே இல்லை. அவரும் ஏழைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் கணக்கைக் குறைத்துச் சொல்லும் தகுதியும் எனக்குக் கிடையாது. நான் பார்ப்பது, அவர் விழுந்தபோது கீழே எத்தனை கைகள் இருந்தன என்பதை. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனால் அங்கே துணை ஆட்சியர் இராமசாமி ஐயர் இருந்தார், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை, மாதம் 30 ரூபாய். அங்கே மேலே இருந்த நாராயண ஐயரோ கணக்குப் பேசுகிறவர். 1913இல் பட்டமே இல்லாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது.

எல்லாம் தோற்றவனின் நோட்டைப் பிரித்துப் பார்க்க ஆட்சியர் மட்டத்தில் ஆள் இருந்தது. அதே காலத்தில் நம் சேரியில் ஒருவன் எல்லாப் பாடத்திலும் தோற்றுவிட்டு ஒன்றில் மட்டும் பித்தாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘படிப்பு ஏறாது, மாட்டை ஓட்டு’ என்றுதான். இராமானுசத்துக்குக் கிடைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பித்துப் பிடித்த ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டியது அதுதான். ஆனால் அக்கிரகாரத்திலிருந்து அலுவலகம்வரை அவருக்கு நீண்டிருந்த கைகளை மறந்துவிட்டு, ‘திறமை இருந்தால் தானாக மேலே வரும்’ என்று நம்மிடம் வந்து பேசுகிறார்களே, அங்கேதான் பொய் இருக்கிறது. அம்பேத்கரும் தானாக வரவில்லை. அவரையும் தாங்கினார்கள். ஆனால் தாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், கொஞ்சம் நகர்ந்தாலே தரை.

அந்தத் தரை எப்படி இருக்கும் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1917. உதவித்தொகைக் காலம் முடிந்து, இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டு, எழுதிக் கொடுத்தபடி பரோடா வேலைக்கு வருகிறார். கொலம்பியாவில் படித்தவர். தங்க வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்குகிறார். மேல்மாடி முழுக்க உடைந்த மரச்சாமான், இருட்டு. அலுவலகத்தில் பியூன் கோப்பை மேசை மேல் தூக்கி எறிகிறான். இரவில் அறைக்கு வந்து, தனிமை தெரியாமல் இருக்கப் புத்தகத்தில் மூழ்குவார். மூழ்கியதும் மறந்துபோகும். உடனே வௌவால்கள் கிறீச்சிட்டுப் பறக்கும். கவனம் கலையும். எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வரும். பதினோராவது நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. பம்பாய் இரயில் இரவில்தான். அதுவரை காமாட்டி பாக் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். தடியைத்தான் எப்போதும் பார்த்தேன். இப்போது வயதான பிறகு வௌவாலைப் பார்க்கிறேன். ஒன்றில் மூழ்கிக் கிடப்பதற்கு, சுற்றியிருப்பதை மறக்க வேண்டும். சாதி மறக்க விடாது. தண்ணீர் குடிக்க எழுந்தால், வீடு தேடினால், பெயரை முழுதாகச் சொன்னால், அது பறந்து வந்து முகத்தில் அடிக்கும். ஒரு தலைமுறையின் கவனத்தை இப்படிக் கலைத்துக் கலைத்தே தின்றுவிட்டு, ‘இவர்களுக்குக் கவனம் போதாது’ என்று சான்றிதழும் கொடுக்கும்.

அப்படியும் அவர் விடவில்லை. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜ் தந்த உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5000 ரூபாய் கடன் இவற்றோடு 1920இல் மறுபடி இலண்டன். அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே போனால் மூடும்போதுதான் வெளியே. அரை வயிற்றுச் சாப்பாடு. 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம். மேடையில் நாம் கைதட்டுவது இந்த இடத்துக்குத்தான். சரி, தட்டுவோம். அதே நேரத்தில் பம்பாயில் இரமாபாய் என்ன செய்துகொண்டிருந்தார்? குடும்பத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். தலையில் சாணிக்கூடை சுமக்கவும் அவர் தயங்கியதில்லை என்றும், அப்படிப்பட்டவரோடு இருக்க ஒரு நாளில் அரை மணி நேரம்கூட ஒதுக்க முடியவில்லை என்றும் பின்னாளில் ‘பகிஷ்கிருத் பாரத்’ இதழில் அம்பேத்கரே எழுதினார். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். 1935 மே 27 அன்று இரமாபாயும் போய்ச் சேர்ந்தார்.

இதைச் சொன்னால் அண்ணலைக் குறை சொல்வதாகச் சில தோழர்கள் வருத்தப்படுவார்கள். மறைக்காமல் எழுதி வைத்தவர் அவர். நாம் ஏன் மறைக்க வேண்டும்? அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் இராம்ஜியுடையது, எத்தனை இரமாபாயுடையது என்று கணக்குப் பார்த்தால்தான் வரலாறு சரியாகும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். தபால் ஆபீஸ் வேலை முடிந்து இத்தனை வருடம் இங்கே பாடம் நடத்தியிருக்கிறேன். போன வருடம் பொன்னாடை போர்த்தினீர்கள். அந்த மாலைகளில் என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றது என் துணைவியார். அவருக்கும் படிப்பதென்றால் உயிர். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்ததுதான் அதிகம்.

அடுத்து ஒன்று. நேரம் கிடைத்தால் மட்டும் போதுமா? எதற்காக என்று ஒன்று வேண்டாமா? அந்தக் காணொலிக்காரர்களுக்கும் நமக்கும் பெரிய சண்டை இங்கேதான். அவர்கள் சொல்லும் வெறிக்கு நடுவில் ‘நான்’ இருக்கிறது. நான் உயர வேண்டும், நான் வீடு கட்ட வேண்டும். தவறில்லை, நம் பிள்ளைகளுக்கு வீடும் வேண்டும். ஆனால் அம்பேத்கரைப் பிடித்து ஆட்டியது பட்டம் அல்ல. ஒரு கேள்வி.

1916 மே 9. கொலம்பியாவில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்கிறார். வயது 25. சாதி எப்படி உண்டானது என்பது கேள்வி. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அங்கே காட்டுகிறார். தன் வட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் துணையை இழந்த ஆணையும் பெண்ணையும் என்ன செய்வது? அதற்காகத்தான் உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் என்று விளக்குகிறார். சாதியைக் காக்கும் வேலி பெண்ணின் உடம்பில் போடப்பட்டிருக்கிறது என்பதை அந்த வயதிலேயே பிடித்துவிட்டார். இருபது ஆண்டு கழித்து 1936இல் அதே கேள்வி திரும்பி வருகிறது, எப்படி ஒழிப்பது என்று. இலாகூரில் பேச அழைத்தவர்கள் உரையைப் படித்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தையே கைவிட்டார்கள். அவர் தன் செலவில் 1500 படிகள் அச்சடித்தார். பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்தார். 1946இல் சூத்திரர்கள் யார் என்று எழுதினார். 1948இல் தீண்டப்படாதவர்கள் எப்படித் தீண்டப்படாதவர்கள் ஆனார்கள் என்று எழுதினார். அப்போது அவர் சட்ட அமைச்சர். வரைவுக் குழுவில் ஏழு பேர், ஆனால் சுமை அவர் ஒருவர் தலையில்தான் விழுந்தது என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி அவையிலேயே சொன்னார். சர்க்கரை நோய், காலில் நரம்பு வலி. அந்த வேலைக்கு நடுவிலும் இந்தக் கேள்வியை அவர் கீழே வைக்கவில்லை. பள்ளியில் சமற்கிருதம் படிக்க விடாமல் பாரசீகம் எடுக்க வைத்தார்களே, பிற்காலத்தில் அந்தச் சமற்கிருதத்தையும் கற்று, அவர்கள் நூல்களையே பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

நாற்பது ஆண்டு ஒரே கேள்வி. அந்தக் கேள்வி அவருடைய சொந்தக் காயத்தில் பிறந்தது. ஆனால் அவருக்கு மட்டும் மருந்து கிடைத்தால் போதும் என்று அது நிற்கவில்லை. அதனால்தான் பரோடாவோடு நின்றுபோகவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசிவரை காசு இல்லாத கதைதான். 1956 செப்டம்பரில் ‘புத்தரும் அவர் தம்மமும்’ அச்சுக்குப் போக வேண்டும். நூலகங்களுக்காக 500 படிகளை அரசு வாங்கிக்கொள்ளுமா என்று நேருவுக்குக் கடிதம் எழுதினார். அரசமைப்பை எழுதிக் கொடுத்தவர் கேட்கிறார். ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. டிசம்பர் 5 இரவு அந்த நூலின் முன்னுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தால் அவர் இல்லை. நூல் 1957இல் வந்தது.

நம் காலத்துக்கு வருகிறேன். தலைவர் மணியைப் பார்க்கிறார், சீக்கிரம் முடிக்கிறேன். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா. அவருக்கு நட்சத்திரங்களின் மேல் காதல். கார்ல் சாகன் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்பது கனவு. ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியை விட்டு வெளியேற்றினார்கள், அவர்களில் ஒருவர் அவர். வளாகத்தில் திறந்தவெளியில் படுத்துக் கிடந்தார்கள். 2016 சனவரி 17 அன்று அவரை இழந்தோம். அவர் விட்டுச் சென்ற கடிதத்தில் நட்சத்திரங்களும் இருக்கின்றன, வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை ஒரு இலட்சத்து எழுபத்தைந்தாயிரமும் இருக்கிறது. அந்த இரண்டையும் ஒரே தாளில் எழுத வைத்த நாடு இது. அவரிடம் போய் ‘உனக்கு வெறி போதவில்லை’ என்று யாராவது சொல்ல முடியுமா?

உதவித்தொகை காலத்தில் வராவிட்டால் நாம் மனு கொடுக்கிறோம், ஆர்ப்பாட்டம் செய்கிறோம். அதைச் சலுகை கேட்பதாக நம்மில் சிலரே கூச்சப்படுகிறார்கள். இராம்ஜி இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தாரே, அந்த வேலையை அரசு செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறோம். தோல் இயந்திரத்தில் நிற்கிற அப்பாவால் அதைச் செய்ய முடியாது.

நான் எழுப்பி நிறுத்தினேனே, அந்தப் பையன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வான். பழையதைப் பேச மாட்டான். நான்தான் ஒருமுறை பேச்சை எடுத்தேன். “விடுங்கண்ணா” என்றான். அவன் மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு. இங்கே வருகிறாள், முன்வரிசையில்தான் இருக்கிறாள். எந்தப் பிள்ளை என்று காட்டமாட்டேன்.

கடைசியாக நடைமுறை வேலை ஒன்று. இந்தக் கட்டடத்தின் மாடியைப் படிப்பறை ஆக்கியிருக்கிறோம். நான்கு மேசை, மூன்று டியூப் லைட். விடியற்காலை நாலு மணியிலிருந்து ஏழு வரை, இரவு பதினொன்று வரை திறந்திருக்கும். வீட்டில் லைட் போட முடியாத பிள்ளைகள் யாரும் வரலாம். பாடப் புத்தகம்தான் படிக்க வேண்டும் என்றில்லை. தூக்கம் வந்தால் ஓரத்தில் பாய் இருக்கிறது, படுத்துக்கொள்ளலாம், யாரும் எழுப்பி நிறுத்த மாட்டோம். கரண்ட் பில்லைத் தோழர்கள் ஆளுக்கு ஒரு மாதம் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், மார்ச்சும் ஏப்ரலும் இன்னும் காலியாக இருக்கிறது. பெண் பிள்ளைகளை யார் கூட்டிவந்து கூட்டிப் போவது என்று தாய்மார்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இன்னும் முழு ஏற்பாடு இல்லை. சாவி இரண்டு செய்திருக்கிறோம். ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்றைப் பெண் தோழர் ஒருவர் பொறுப்பெடுத்து வாங்கிக்கொண்டால் நல்லது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள், நான் வாசலிலேயே இருக்கிறேன்.